ஏக்கரா, ஹெக்டேரா? அளவைக் கணக்கில் கவனம் வேண்டும்

பாபநாசம் அணை திறந்து, பாளையங்காலில் தண்ணீர் வரத் தொடங்கியதும் மேலப்பாளையம், தருவை, முன்னீர்பள்ளம் வயல்களில் வேலை சூடுபிடித்துவிடும். கார்ப் பருவமானாலும் பிசானமானாலும் விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் விவசாயி கடைக்குப் போயாக வேண்டும். அவர் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் "யூரியா 260" என்று எழுதியிருக்கும். 260 கிலோ என்பது ஹெக்டேருக்கா, ஏக்கருக்கா என்று சீட்டில் இராது. கடைக்காரரும் கேட்கமாட்டார். பணமும் பயிரும் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நல்ல விதை, நல்ல உரம், நல்ல மருந்து என்று ஆண்டுதோறும் எவ்வளவோ சொல்லப்படுகிறது. ஆனால் சொன்ன அளவு விவசாயியின் வயலுக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்பதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அளவு தவறினால் நல்ல மருந்தும் கெட்ட மருந்தாகிவிடும். எனவே அளவைக் கணக்கு விவசாயிக்குப் பள்ளிக்கூடப் பாடமல்ல. சாகுபடித் தொழிலின் ஒரு பகுதி.

மூன்று தலைமுறை, மூன்று அளவு

தாமிரபரணிப் பாசனத்தில் தாத்தா காலத்தில் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று சொன்னார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. ஒரு கோட்டை நெல் விதைக்கும் நிலம் ஒரு கோட்டை விதைப்பாடு. இது ஊருக்கு ஊர் சற்று மாறுபடும். தகப்பனார் காலத்தில் ஏக்கரும் சென்ட்டும் வந்தன. இன்று பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும். ஆக, ஒரே வயலுக்கு ஒரே வீட்டில் மூன்று அளவுகள் வழங்குகின்றன.

மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் நம் நாட்டில் 1956-ல் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தன. வீசை, பலம், சேர் எல்லாம் மறைந்தன. காசிலும் தராசிலும் இந்த மாற்றம் விரைவில் பழகிவிட்டது. நிலத்தில் மட்டும் இன்னும் முழுமையாகப் பழகவில்லை. விவசாயி சென்ட்டில் நினைக்கிறார்; பரிந்துரை ஹெக்டேரில் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள பாலம் கணக்குதான்.

பட்டாவில் 25 என்றால் எத்தனை சென்ட்?

மேலப்பாளையம் பகுதியில் ஒரு சிறு விவசாயியின் பட்டாவில் பரப்பு "0 - 25.0" என்று இருப்பதாக வைத்துக்கொண்டால், முதலில் உள்ள 0 ஹெக்டேர், அடுத்துள்ள 25.0 ஏர். இதை 25 சென்ட் என்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. "ஏர்" என்பதை ஏக்கரின் சுருக்கம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்; அதாவது 2.47 சென்ட். ஆகவே 25 ஏர் என்பது ஏறக்குறைய 62 சென்ட். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், அது 2.47 ஏக்கர். ஓர் ஏக்கர் 40.5 ஏர். ஒரு சென்ட் 40.5 சதுர மீட்டர்.

இந்த 62 சென்ட்டில் ஆடுதுறை, அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையங்களின் குறுகிய கால நெல் இரகம் ஒன்றைப் பயிரிட, அதாவது 1986-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து வெளியான ஏ.எஸ்.டி. 16 போன்ற இரகத்தைப் பயிரிட, என்ன தேவை? மண் பரிசோதனை செய்யாத நிலையில், டெல்டா அல்லாத பகுதிகளுக்குக் குறுகிய கால நெல்லுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120, மணிச்சத்து 40, சாம்பல்சத்து 40 கிலோ. விதை 60 கிலோ. 25 ஏர் என்பது கால் ஹெக்டேர். எனவே விதை 15 கிலோ. தழைச்சத்து 30, மணிச்சத்து 10, சாம்பல்சத்து 10 கிலோ.

யூரியாவில் தழைச்சத்து 46 சதம். 30 கிலோ தழைச்சத்துக்கு எவ்வளவு யூரியா என்று கைப்பேசியில் கணக்குப் போட்டால் 65.217391 என்று காட்டும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதம், எனவே 62.5 கிலோ, அதாவது 50 கிலோ மூடையில் ஒன்றேகால் மூடை. மூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல்சத்து 60 சதம். எனவே சுமார் 17 கிலோ.

அதே விவசாயி ஹெக்டேர் அளவை ஏக்கர் அளவு என்று எண்ணிவிட்டால், இந்த 62 சென்ட்டுக்கு 65 கிலோவுக்குப் பதிலாக 162 கிலோ யூரியா போடுவார். ஏறக்குறைய 97 கிலோ வீண். வீண் மட்டுமல்ல. தழைச்சத்து மிகுந்த பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். அதற்கே குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். கதிர் பிடித்ததும் சாய்ந்துவிடும். பிறகு மருந்துக் கடைக்கு இன்னொரு நடை. பிழை நிகழ்ந்தது வயலில் அல்ல, சீட்டில்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யூரியா மூடை 2018-க்கு முன் 50 கிலோவாக இருந்தது. இப்போது 45 கிலோ. "இரண்டு மூடை" என்று பழக்கத்தில் கேட்பவருக்கு 100 கிலோ அல்ல, 90 கிலோதான் கிடைக்கும். எனவே மூடையில் கணக்கு வைத்தால் போதாது. கிலோவில் வைக்க வேண்டும்.

நம்பத்தக்க இலக்கங்கள்

கைப்பேசி 65.217391 என்று எட்டு இலக்கங்களைக் காட்டுகிறது. இவற்றில் எத்தனை இலக்கங்களை நம்பலாம்? பள்ளிப் பாடநூல்கள் இதனை முக்கிய எண்ணுருக்கள் என்று சொல்கின்றன. விவசாயிக்கு நம்பத்தக்க இலக்கங்கள் என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

ஓர் எண்ணில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்பதைக் கைப்பேசி தீர்மானிப்பதில்லை. அளந்த கருவி தீர்மானிக்கிறது. சுமை வண்டிகளை நிறுக்கும் எடைமேடை ஐந்து கிலோ, பத்து கிலோ என்ற படிகளில்தான் எடை காட்டும். அதில் ஒரு மூடை யூரியாவை நிறுத்து 45.2 கிலோ என்று யாரும் சொல்ல முடியாது. பொற்கொல்லரின் தராசு மில்லிகிராமையும் காட்டும். ஆனால் அதில் நெல் மூடையை வைக்க முடியாது. கருவிக்கு ஏற்ற இலக்கம்தான் உண்மையான இலக்கம்.

உரத்தை விவசாயி கூடையிலும் வாளியிலும் எடுத்துக் கையால் வீசுகிறார். அவருக்கு 65 கிலோ என்பதே போதுமானது. நான்கு தவணையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 16 கிலோ. அரைக் கிலோ கூடினாலும் குறைந்தாலும் பயிருக்குத் தெரியாது. 65.217 என்று எழுதுவது துல்லியம் ஆகாது. துல்லியம்போல் தோன்றும் மயக்கமே.

பத்து வண்டி எருவும் 12.5 டன்னும்

இந்த மயக்கத்திற்கு வேளாண்மைப் பிரசுரங்களும் காரணம். தொழு உரம் ஹெக்டேருக்கு 12.5 டன் என்று பல ஆண்டுகளாக அச்சிடப்பட்டு வருகிறது. பன்னிரண்டரை என்றதும் யாரோ நுட்பமாக நிறுத்துப் பார்த்து, பன்னிரண்டு போதாது, பதின்மூன்று அதிகம் என்று கண்டுபிடித்ததுபோல் தோன்றும். ஆனால் ஏக்கருக்கு 5 டன் என்பதை இரண்டரையால் பெருக்கினால் வருவது இந்த 12.5. துத்தநாக சல்பேட் 25 கிலோவும் அப்படியே. அது ஏக்கருக்கு 10 கிலோ. எருக்குழியிலிருந்து வண்டியில் ஏற்றும் எருவை யாரும் நிறுப்பதில்லை. அதில் ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்றும் யாருக்கும் தெரியாது. எனவே ஏக்கருக்கு 5 டன், சென்ட்டுக்கு 50 கிலோ என்று சொன்னால் விவசாயிக்கும் புரியும். உண்மைக்கும் அதுவே நெருக்கம்.

மண் வள அட்டையிலும் இதே நிலைதான். 2015-ல் தொடங்கிய இத்திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற முறையில் மண் எடுக்கப்பட்டது. ஆறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புக்கு அரைக் கிலோ மண்ணை வைத்து ஆய்ந்த விடையில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் அதற்குப் பொருளில்லை. பக்கத்து வரப்பில் மண் எடுத்திருந்தால் அந்த எண் மாறியிருக்கும். தழைச்சத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று அறிவதற்கு அட்டை பயன்படும். அதற்கு அது மிகவும் நல்ல வழிகாட்டி. அதன் கடைசி இலக்கத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

நடுவழியில் முழு எண்ணாக்கக் கூடாது

இலக்கங்களைக் குறைப்பதற்கும் ஒரு நேரம் உண்டு. விடை வந்த பிறகே குறைக்க வேண்டும். வழியிலேயே குறைத்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். முன்சொன்ன 120 கிலோவை ஏக்கருக்கு மாற்றினால் 48.6 வரும். அதை 50 என்று ஆக்கினார் ஒருவர். அதற்குரிய யூரியா 108.7, அதை 110 என்று ஆக்கினார். அதை 62 சென்ட்டுக்குக் கணக்கிட்டால் 68. அதையும் 70 என்று ஆக்கினார். போட வேண்டியது 65 கிலோ. வந்து நின்றது 70 கிலோ. உரத்தில் இந்த 5 கிலோ பெரிய நட்டமில்லை. மருந்திலும் நில விலையிலும் இப்படிச் செய்தால் நட்டம் பெரிது.

புள்ளி தவறினால் பயிர் கருகும்

கடைசி இலக்கம் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் அலகும் தசமப் புள்ளியும் ஒருபோதும் தவறக்கூடாது. துத்தநாகக் குறைவுக்கு 0.5 சதம் துத்தநாக சல்பேட் தெளிக்கச் சொல்வது வழக்கம். அதாவது லிட்டருக்கு 5 கிராம். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 50 கிராம். சீட்டில் ".5" என்று எழுதி, அந்தப் புள்ளி வியர்வையில் அழிந்துவிட்டால், அது 5 சதமாகிவிடும். தெளித்த மறுநாள் இலை கருகும். எனவே புள்ளிக்கு முன்னால் பூஜ்யத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். "0.5" என்பதில் புள்ளி அழிந்தாலும் முன்னால் உள்ள பூஜ்யம் எச்சரிக்கை செய்யும்.

பூச்சி மருந்துக்கு வருவோர், ஹெக்டேருக்கு 500 மில்லி, தண்ணீர் 500 லிட்டர் என்ற பரிந்துரையை அடிக்கடி பார்த்திருப்பர். அதாவது லிட்டருக்கு 1 மில்லி. 25 ஏர் நிலத்துக்கு 125 மில்லி மருந்தும் 125 லிட்டர் தண்ணீரும் போதும். பத்து லிட்டர் கைத்தெளிப்பானில் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று டாங்கு. ஒரு டாங்குக்கு 10 மில்லி. இப்போது பலரிடம் உள்ள 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானில் எட்டு டாங்கு; ஒரு டாங்குக்கு 16 மில்லி. தெளிப்பான் மாறியும் பழைய "டாங்குக்கு பத்து மில்லி" மாறாவிட்டால் மருந்து போதாது, பூச்சி சாகாது, மருந்தைக் குறை சொல்லி வேறு மருந்து வாங்க நேரிடும்.

ஹெக்டேருக்குரிய 500 மில்லியை ஏக்கருக்கு அடித்தால் இரண்டரை மடங்கு. பூச்சியைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் முதலில் மடியும். பிறகு புகையான் முன்னிலும் பலமாக வரும். தெளிக்கும் ஆளின் தோலிலும் மூச்சிலும் அந்த மருந்து ஏறும். மிஞ்சியது பாளையங்காலில் இறங்கும். அந்தக் காலில்தான் மாடு குடிக்கிறது, மக்கள் குளிக்கிறார்கள்.

ட்ரோன் மூலம் தெளிப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரில் வேலையை முடித்துவிடும். அங்கே "லிட்டருக்கு 1 மில்லி" என்ற கணக்கு செல்லாது. ஏக்கருக்கு எத்தனை மில்லி என்ற அளவே நிற்கும்.

மில்லி வேறு, கிராம் வேறு

மருந்து மூடியாலும் தீப்பெட்டியாலும் அளப்பது இன்றும் உண்டு. ஒவ்வொரு புட்டியின் மூடியும் ஒவ்வோர் அளவு. 10 மில்லி தண்ணீர் பிடிக்கும் மூடியில் தூள் மருந்து 10 கிராம் பிடிக்காது; தூளின் கனத்துக்கு ஏற்பக் கூடும் அல்லது குறையும். திரவத்துக்கு மில்லி போட்ட அளவுக் குவளை, தூளுக்குச் சிறு தராசு என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் "சி.சி." என்று சொல்வது மில்லியேதான், இரண்டுக்கும் வேறுபாடில்லை.

சிறிய அளவை நேராக அளக்க முடியாதபோது மொத்தமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். உளுந்துக்குப் பூக்கும் முன் தெளிக்கச் சொல்லும் என்.ஏ.ஏ. வளர்ச்சி ஊக்கி லிட்டருக்கு 40 மில்லிகிராம். அதை எந்த விவசாயியும் நிறுக்க முடியாது. ஆனால் ஏக்கருக்கு வேண்டிய 200 லிட்டருக்கும் சேர்த்தால் 8 கிராம். அதைச் சிறு தராசில் நிறுத்துவிடலாம். டி.ஏ.பி. 2 சதக் கரைசலும் அப்படியே. 200 லிட்டருக்கு 4 கிலோ.

கால்நடைக்கும் இது பொருந்தும். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தையில் ஆட்டையும் மாட்டையும் கண் மதிப்பில் வாங்கிவிடலாம். ஆனால் குடற்புழு மருந்து உடல் எடைக்கு ஏற்பக் கொடுப்பது. நாடாவால் மார்புச் சுற்றையும் உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை கிடைக்கும். சுற்று 60, நீளம் 50 அங்குலம் என்றால் 600. இது கிலோ அல்ல, பவுண்டு. 2.2-ஆல் வகுத்தால் சுமார் 270 கிலோ. பவுண்டைக் கிலோ என்று கொண்டு மருந்து கொடுத்தால் இரு மடங்குக்கும் மேல் போய்விடும்.

எங்கே எல்லா இலக்கமும் வேண்டும்?

உரத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்பதால் எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடக்கூடாது. நிலம் விற்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பட்டாவில் உள்ள எல்லா இலக்கமும் பொருளுள்ளவை. அவை சங்கிலியும் கருவியும் கொண்டு அளந்து எழுதியவை. 0.1 ஏர் என்பது 10 சதுர மீட்டர். ஏறக்குறைய கால் சென்ட். மேலப்பாளையம் 1994-ல் நெல்லை மாநகராட்சியில் சேர்ந்த பகுதி. வயலை ஒட்டி வீட்டு மனைகள் வந்துவிட்ட இடத்தில் கால் சென்ட்டும் காசுதான்.

25 ஏரை இரண்டரையால் பெருக்கினால் 62.5 சென்ட். சரியான 2.471-ஆல் பெருக்கினால் 61.8 சென்ட். இடையில் உள்ள வித்தியாசம் சுமார் 300 சதுர அடி. உரக் கணக்கில் இரண்டரை போதும். கிரயப் பத்திரத்தில் போதாது. வாங்குகிறவர் நட்டப்பட்டாலும், பின்னால் அளந்து பார்த்து விற்றவரோடு வழக்குக்குப் போனாலும், இருவருக்கும் கெடுதல். பத்திரத்தில் ஹெக்டேர்-ஏர் அளவை அப்படியே எழுதி, அதன் பக்கத்தில் சென்ட்டை எழுதுவது நல்லது.

பயிர் அறுவடைச் சோதனையும் இத்தகையதே. பயிர்க் காப்பீட்டுக்காக நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் அளந்து அறுத்து நிறுக்கிறார்கள். அது ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. வந்த எடையை 400-ஆல் பெருக்கி ஹெக்டேருக்கு மகசூல் சொல்வார்கள். அங்கே 100 கிராம் தவறினால் ஹெக்டேருக்கு 40 கிலோ தவறும். எனவே மகசூல் 6,237 கிலோ என்று சொன்னால் கடைசி இரண்டு இலக்கத்துக்கும் உறுதி கிடையாது. ஆனால் நிறுக்கும் இடத்தில் உள்ள ஒவ்வொரு 100 கிராமுக்கும் மதிப்பு உண்டு. தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, கயிறு சரியாக 5 மீட்டர் இருக்கிறதா என்று ஊர் விவசாயிகள் உடனிருந்து பார்ப்பது அவர்கள் உரிமை, கடமையும்கூட.

மழைக் கணக்கு எளிது

மெட்ரிக் அளவு தொல்லை மட்டும் தருவதில்லை, எளிமையும் தருகிறது. நாளிதழில் அணையின் நீர்மட்டம் அடியில் வரும். நீர்வரத்து கன அடியில் வரும். மழை மில்லிமீட்டரில் வரும். பாபநாசம் அணையின் உயரமான 143 அடி என்பது 43.6 மீட்டர். வினாடிக்கு ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அது ஒரு நாள் முழுதும் ஓடினால் சுமார் 24 இலட்சம் லிட்டர். கசிவை விட்டுவிட்டால் 12 ஏக்கரில் 5 செ.மீ. நீர் நிறுத்தலாம்.

மழைக்கோ இவ்வளவு கணக்கும் வேண்டாம். 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. அதாவது 950 மில்லிமீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர்; ஒரு சென்ட்டில் சுமார் 38,000 லிட்டர். கைப்பேசி 38,475 என்று காட்டும். ஆனால் அளந்தது இரண்டு இலக்கத்தில். ஆகவே 38,000 என்று சொல்வதே நேர்மை. அந்த ஓர் எண்ணே வாய்க்காலும் குளமும் ஏன் தாங்கவில்லை என்பதைச் சொல்லிவிடும்.

படித்தவர்களும் தவறுவார்கள்

விவசாயிக்குக் கணக்கு வராது, அதனால்தான் தவறுகிறார் என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. 1983 ஜூலை 23 அன்று கனடா நாட்டில் ஒரு பெரிய போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. அந்நாடு அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. விமானத்தின் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டார்கள். 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்ற எண்ணைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில், லிட்டரைப் பவுண்டாக்கும் 1.77 என்ற எண்ணைப் பயன்படுத்திவிட்டார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. விமானியின் திறமையால் கிம்லி என்னும் இடத்தில் இருந்த பழைய விமான தளத்தில் அது சறுக்கி இறங்கியது, உயிர்ச்சேதம் இல்லை.

அந்த 1.77-ல் மூன்று இலக்கமும் சரி. அலகுதான் தவறு. நெல் வயலிலும் நடப்பது இதுவேதான்.

அன்றியும், தமிழ் விவசாயிக்குக் கணக்குப் புதிதல்ல. மாகாணி, அரைக்கால், கால், முக்கால் என்று பின்னங்களை மனத்திலேயே பெருக்கியவர்கள் அவர்கள் முன்னோர். கோட்டைக்கு இத்தனை மரக்கால், மரக்காலுக்கு இத்தனை படி என்று வாரம் பிரித்தவர்கள். அவர்களுக்குத் தெரியாதது கணக்கு அல்ல. அலகு சொல்லாமல் கொடுக்கப்படும் எண்தான்.

யார் திருந்த வேண்டும்?

ஆகவே முதலில் திருந்த வேண்டியவர்கள் பரிந்துரை செய்கிறவர்கள். ஆராய்ச்சித் திடலில் ஹெக்டேர் வசதியானது. உலகெங்கும் அதுவே வழக்கம். ஆனால் 62 சென்ட் வைத்திருப்பவருக்கு எழுதும் பிரசுரத்தில் ஏக்கர் அளவும் சென்ட் அளவும் பக்கத்தில் இருக்க வேண்டும். முழு எண்ணில் இருக்க வேண்டும். வேளாண்மை விஞ்ஞானிகள் ஆய்வேட்டின் எண்ணை அப்படியே துண்டுப் பிரசுரத்துக்கு இறக்கிவிடுவது எளிது. விவசாயியின் தராசுக்கும் குவளைக்கும் ஏற்ப மாற்றிக் கொடுப்பதே விரிவாக்கப் பணி. மாற்றும் வேலையை விவசாயியின் தலையில் வைத்துவிட்டு, அவர் தவறினார் என்று குறை கூறுவது முறையல்ல.

மருந்து தயாரிப்போர் ஒவ்வொரு புட்டியுடனும் மில்லி குறித்த குவளை ஒன்றைக் கொடுக்க வேண்டும். உரிமச் சீட்டில் உள்ள எழுத்து, கண்ணாடி போட்டவருக்கும் தெரியாத அளவு சிறியதாக இருக்கக்கூடாது. கடைக்காரர்கள் சீட்டு எழுதும்போது "ஏக்கருக்கு", "லிட்டருக்கு" என்ற சொல்லையும் சேர்த்து எழுதித் தர வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. அலகு இல்லாத எண்ணை ஏற்கக்கூடாது. "எதற்கு?" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

2. ஹெக்டேர் அளவை நான்கால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஏக்கர் அளவு. விடை ஹெக்டேர் அளவில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். இல்லையெனில் கணக்கு தவறு.

3. ஏக்கருக்கு எத்தனை கிலோவோ, அதைப் பத்தால் பெருக்கினால் சென்ட்டுக்கு அத்தனை கிராம். ஏக்கருக்கு 10 கிலோ என்றால் சென்ட்டுக்கு 100 கிராம்.

4. புள்ளிக்கு முன் பூஜ்யம் போட்டு எழுத வேண்டும்.

5. கணக்கை முழுதும் முடித்த பிறகே, கையில் உள்ள கருவி அளக்கக்கூடிய இலக்கத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

6. நிலப் பத்திரத்தில் எந்த இலக்கத்தையும் குறைக்கக்கூடாது.

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், தங்கள் வயலின் பரப்பை ஏரிலும் சென்ட்டிலும் சதுர மீட்டரிலும் எழுதி, அதற்கு வேண்டிய விதை, உரம், மருந்து அளவையும் கணக்கிட்டு, உரம் வைக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கச் சொல்லலாம். ஒருமுறை சரியாகப் போட்ட கணக்கு பல பருவங்களுக்கு உதவும். அடுத்த முறை பாளையங்காலில் தண்ணீர் வரும்போது, கடைக்குப் போகும் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகும் இருக்கட்டும்.